யுவராணி பெரிய மனுஷி ஆன கதை: அடித்தல் திருத்தலுடன்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு மருத்துவத் துண்டறிக்கையிலிருந்து பிறந்தது. கதை என்றால் மழையில் பிறக்கும், ஆற்றங்கரையில் பிறக்கும் என்று நம்புகிறவர்கள் மன்னிக்க வேண்டும். இது என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், ஆறிப்போன காப்பிக்குப் பக்கத்தில் பிறந்தது.

நான் உத்தமபாளையத்தில் உட்கார்ந்துகொண்டு இங்கிலீஷைத் தமிழாக்கிப் பிழைக்கிறவன். பூச்சிமருந்து டப்பாவில் 'குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்' என்று வாசித்திருப்பீர்களே, அந்த மாதிரி இலக்கியம் என்னுடையது. மதுரையிலிருந்து ஒரு குழந்தை மருத்துவர் நான்கு பக்கம் அனுப்பியிருந்தார். குழந்தைகளுக்குக் குடலில் வருகிற நாள்பட்ட அழற்சி நோய், அதனால் உண்டாகும் சிக்கல்கள். பெற்றோருக்குப் புரிகிற தமிழில் வேண்டும் என்றார். குடல் சுருங்கிப்போகலாம், ஆசனவாய்ப் பக்கம் புண் புரையோடலாம், ரத்தம் குறையலாம், எலும்பு மெலியலாம், வளர்ச்சி நின்றுபோகலாம் என்று வரிசையாக எழுதிக்கொண்டே வந்தேன். 'பருவமடைதல் தாமதப்படலாம்' என்று எழுதி, முற்றுப்புள்ளி வைத்து, காப்பியை எடுத்தேன்.

குடிக்க முடியவில்லை. [நாடகமாக இருக்கிறது. குடித்தேன். குடித்துவிட்டுத்தான் யோசித்தேன்.]

மருத்துவருக்கு அந்த இரண்டு சொல்லும் எலும்பு, எடை, ரத்தப் பரிசோதனை. எங்கள் பக்கத்துத் தெருக்களில் அது ஒரு கேள்வி. 'ஒம் மக இன்னும் உக்காரலையா, வயசுக்கு வரலையா?' கேட்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போது, பேச வேறு ஒன்றும் இல்லாமல் கேட்கிறார்கள். பதில் சொல்ல வேண்டிய அம்மா பந்தியில் உட்காராமலே பஸ் ஏறிவிடுகிறாள். துண்டறிக்கையில் அதற்கு இடம் இல்லை. நான்கு பக்கத்தைத் தாண்டக் கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

ஆகவே இதை ஐந்தாம் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2

தொடக்கம் ஒன்று: 'அனுமந்தன்பட்டியின் திராட்சைப் பந்தல்களின் மேல் பனி மெல்ல இறங்கிக்கொண்டிருந்த அந்த அதிகாலையில்' என்று தொடங்கி, விட்டுவிட்டேன். ரத்தக் கறை பட்ட பாவாடை வாளிக்குள் கிடக்கும்போது பனியை யார் பார்க்கப்போகிறார்கள்?

தொடக்கம் இரண்டு: 'யுவராணிக்கு வயது பதினைந்து. பார்க்கிறவர்கள் பத்து என்பார்கள். பத்தாவது வயதில் வயிற்றுப்போக்கும் ரத்தமுமாக ஆரம்பித்த நோய் அவளை அங்கேயே பிடித்து நிறுத்திவிட்டது.' இது பரவாயில்லை. செய்தி எல்லாம் வந்துவிடுகிறது. ஆனால் துண்டறிக்கை வாடை அடிக்கிறது.

தொடக்கம் மூன்று: 'மாரீஸ்வரி வாளிக்குள் கையை விட்டாள்.'

இதுதான். மாரீஸ்வரி யுவராணியின் அம்மா. கதை அவள் தோளுக்குப் பின்னாலேயே நிற்கும். பிள்ளைக்குள் நான் போவதாக இல்லை. அந்தப் பிள்ளையின் உடம்புக்குள் ஏற்கெனவே போதுமான குழாயும் கேமராவும் போய்வந்துவிட்டன.

(இன்னொன்று. இப்படி ஒரு யுவராணி அனுமந்தன்பட்டியில் கிடையாது. தேடிக்கொண்டு போகாதீர்கள். இருந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன்.)

3

மாரீஸ்வரி வாளிக்குள் கையை விட்டாள். மகளின் பள்ளிக்கூடப் பாவாடை. தண்ணீரிலிருந்து வெளியே எடுத்தாள். கறை.

அவள் நெஞ்சு ஒரு கணம் நின்றது. எத்தனை நாள் நேர்ந்துகொண்ட காரியம்! பக்கத்து வீட்டில் பதினொரு வயதுப் பிள்ளைக்குச் சடங்கு முடிந்து, பட்டுப்பாவாடை கட்டி, போட்டோ எடுத்து மாட்டிவிட்டார்கள். யுவராணியோடு ஒண்ணாம் வகுப்பிலிருந்து படிக்கிற மகிமா தாவணி போட்டுக்கொண்டு கோயில் திருவிழாவுக்குப் போகிறாள். யுவராணி மட்டும் முதல் பெஞ்சில், சின்னப் பிள்ளை மாதிரி, கால் தரையில் எட்டாமல் உட்கார்ந்திருக்கிறாள். 'மருந்து சாப்பிடுற பிள்ள, நேரமாகும்' என்று சொல்லிச் சொல்லி மாரீஸ்வரியின் நாக்குத் தேய்ந்துவிட்டது.

"மதினி! மதினி, இங்கன கொஞ்சம் வாங்களேன்!"

பக்கத்து வீட்டுப் பாண்டியம்மாள் ஈரக் கையோடு ஓடி வந்தாள். பாவாடையைப் பார்த்தாள். மாரீஸ்வரியின் முகத்தைப் பார்த்தாள். அவ்வளவுதான், நாக்கைச் சுழற்றி ஒரு குலவை விட்டாள் பாருங்கள், தெருக்கோடி டீக்கடையில் கிளாஸ் கீழே வைக்கிற சத்தம் நின்றுபோனது.

நம் பக்கத்தில் எதையும் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். கொடுத்த வாக்கை, எழுதிய பத்திரத்தை, நிச்சயித்த கல்யாணத்தைக்கூட. விட்ட குலவையை மட்டும் வாய்க்குள் திரும்பப் போட முடியாது.

யுவராணி அப்போது கழிப்பறைக்குள் இருந்தாள். வழக்கமாக அங்கே அவளுக்கு நேரமாகும், யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள். வெளியே வந்தபோது முற்றம் முழுக்கப் பெண்கள் நின்றார்கள். அம்மா ஓடிவந்து கட்டிப்பிடித்துக்கொண்டாள். அம்மாவின் கன்னம் ஈரமாக இருந்தது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது.

"வயிறு வலிக்குதா ஆத்தா?" என்று பாண்டியம்மாள் கேட்டாள்.

"வலிக்குது."

"இடுப்பு?"

"வலிக்குது."

"ரெண்டு நாளா சோறு எறங்கலயோ?"

"எறங்கல அத்தே."

"பெறகென்ன, எல்லாம் சரியாத்தேன் இருக்கு!"

கேட்டதற்கெல்லாம் பிள்ளை உண்மையைத்தான் சொன்னாள்.

வாசகரே, உங்களைச் சுற்றவிட எனக்கு விருப்பமில்லை. அது அந்த ரத்தம் இல்லை. ஆசனவாய்க்குப் பக்கத்தில் மறுபடியும் புரையோடத் தொடங்கியிருந்த புண்ணின் ரத்தம். துண்டறிக்கையில் இரண்டாம் பக்கம், மேலிருந்து மூன்றாவது வரி.

4

*அடிக்குறிப்பு மாதிரி ஒன்று.* யுவராணியின் அப்பா கர்ணன் திராட்சைத் தோட்டத்தில் கொடிகளைக் கழித்துக் கவாத்து வெட்டுகிறவர். கைநேர்த்தி உள்ள மனிதர், அதிகம் பேசமாட்டார். இந்த மாதிரிச் சமாச்சாரத்தில் எங்கள் ஊர் ஆண்களுக்கு ஒதுக்கப்பட்ட வேலை தெருவில் நிற்பதும் வாழை இலை வாங்கி வருவதும். கர்ணன் இரண்டையும் செம்மையாகச் செய்தார். திராட்சைக்கு நடுவிலேயே வாழ்கிற அந்த மனிதர் மகளுக்கு ஒரு பழம் கொண்டுவந்து கொடுத்து வருஷக்கணக்காகிறது. தோல், கொட்டை, நார் மூன்றும் ஆகாது, குடல் ஓரிடத்தில் சுருங்கியிருக்கிறது என்று மதுரையில் சொல்லியிருந்தார்கள். பன்னீர் திராட்சையில் தோலும் கொட்டையும் போக மிச்சம் என்ன இருக்கிறது?

5

பெரிய மனுஷி ஆன பிள்ளையைத் தனியே உட்காரவைக்க ஓலைக் குச்சு கட்டுவது தாய்மாமன் பொறுப்பு. மாரீஸ்வரியின் தம்பி ராஜபாண்டி ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப் வைத்திருக்கிறான். சேதி போனபோது கம்பம்மெட்டில் இருந்தான். சாயங்காலத்துக்குள் பச்சைத் தென்னங்கீற்றோடு வந்து இறங்கிவிட்டான்.

"அக்கா, இப்ப யாரு குச்சு கட்டுறா, எல்லாம் மண்டபம், ப்ளக்ஸுன்னு ஆயிப்போச்சுன்னு மலையில சொல்றாக. எம் மருமகளுக்கு ரெண்டுந்தேன்!" என்றான். ப்ளக்ஸ் கடைக்கும் சொல்லிவிட்டு வந்திருந்தான். பூப்புனித நீராட்டு விழா, யுவராணி படம், கீழே தாய்மாமன் ராஜபாண்டி கூலிங்கிளாஸோடு.

வீட்டை ஒட்டிக் குச்சு எழுந்தது. குறுக்கே உலக்கை, ஓரத்தில் வேப்பிலை, தனித் தட்டு, தனி டம்ளர் எல்லாம் வந்து சேர்ந்தன. அப்புறம் சாப்பாடு. சாப்பாடுதான் இந்தக் கதையில் வில்லன், அவனும் பாவம் நல்லவன். காலையில் பச்சை நாட்டுக்கோழி முட்டை, முட்டை ஓட்டாலேயே அளந்து நல்லெண்ணெய். அதற்கு மேல் கருப்புளுந்தைத் தோலோடு அரைத்துக் கிண்டின களி, கருப்பட்டி போட்டு. வருகிற பெண்கள் ஒவ்வொருத்தியும் கையில் ஏதாவது கொண்டுவந்தாள். எள்ளுருண்டை வந்தது, தேங்காய்ச் சில்லு வந்தது.

மாரீஸ்வரிக்கு மருத்துவர் சொன்னது மறக்கவில்லை. இத்தனை நாளாகக் குழைந்த சோறும் வடிகட்டின கஞ்சியுமாகக் கொடுத்து மகளைக் காப்பாற்றிக்கொண்டு வந்தவள் அவள்தான். 'இந்த ஏழெட்டு நாளைக்குத்தானே' என்று நினைத்தாள். 'இடுப்பு எலும்புக்கு வலு வேணும்ல. எல்லாப் பிள்ளைகளும் தின்னதுதானே.' களியை உருட்டி நடுவில் குழி பறித்து எண்ணெய் ஊற்றினாள். யுவராணி வாயைத் திறந்தாள்.

கொடுத்ததையெல்லாம் அவள் தின்றாள்.

6

இந்த இடத்தில் என் மனைவி அனிதா மேரி உள்ளே வருகிறாள். அவளை நான் அழைக்கவில்லை. பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவள், சிவப்புப் பேனாவோடே என் தாள்களையும் எடுத்து வாசித்துவிட்டாள். பள்ளிக்கூட ஆசிரியை, ராயப்பன்பட்டிக்காரி. அவள் பேனாவுக்கு வீடு பள்ளிக்கூடம் என்ற பேதம் கிடையாது.

"இந்த மாரீஸ்வரி இருக்காளே," என்றாள், "இவள நீங்க ஏமாளியா எழுதியிருக்கீக."

"பாவம், அவளுக்குத் தெரியாது அனிதா."

"எப்படித் தெரியாம இருக்கும்? அந்தப் பிள்ளைக்கு நோவு வந்ததிலேருந்து துணி அலசுறவ. எது எங்கன படும், எது என்ன நெறம்னு அவளுக்குத் தெரியாதா? நீங்க என்னைக்காவது துணி அலசியிருந்தாத்தான இது ஒறைக்கும்."

கடைசி வாக்கியம் கதைக்குச் சம்பந்தம் இல்லாதது. இருந்தாலும் குறித்துக்கொண்டேன்.

"அப்போ தெரிஞ்சே செஞ்சான்னு எழுதச் சொல்றயா? அவ வில்லியாயிருவா."

அனிதா பேனாவை மூடினாள். "தெரிஞ்சே செஞ்சான்னு நான் எங்க சொன்னேன்? பாத்தா, ஆனா பாக்கல. பாவாடையக் கையில எடுத்தவ அதத் திருப்பிப் பாக்கல. திருப்பிப் பாத்தா என்ன இருக்கும்னு பயம். எங்கம்மா அப்படித்தான், எங்கப்பா இருமும்போது துண்டப் பாக்கவே மாட்டாக. மடிச்சு ஊற வச்சுருவாக."

சொல்லிவிட்டு விடைத்தாளுக்குப் போய்விட்டாள். நான் மூன்றாம் பகுதிக்குத் திரும்பிப் போய், 'அவள் நெஞ்சு ஒரு கணம் நின்றது' என்ற வரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சந்தோஷத்தில் நின்றது என்றுதான் எழுதினேன். அப்படித்தான் நீங்களும் வாசித்தீர்கள். அந்தக் கணத்துக்குள் இன்னொன்றும் இருந்திருக்கிறது. வரியை மாற்றாமல் விட்டுவிட்டேன். நீங்கள் வேண்டுமானால் திரும்பிப் போய் வாசியுங்கள்.

7

மூன்றாம் நாள் மத்தியானம் யுவராணிக்கு வயிறு உப்பிக்கொண்டது.

முதலில் பாண்டியம்மாள் 'களி செரிக்கல, ஓமத்தண்ணி குடு' என்றாள். கொடுத்தார்கள், வாந்தி எடுத்தாள். அடுத்த வாந்தி பச்சையாக வந்தது. வயிறு தம்பட்டம் மாதிரி விறைத்துவிட்டது. பிள்ளை முழங்காலை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு ஓலையில் சாய்ந்து கிடந்தாள். சத்தம் போடவில்லை. சத்தம் போடாமல் வலி பொறுக்க அவள் எப்போதோ படித்துவிட்டாள்.

மாரீஸ்வரி தலையை உள்ளே நீட்டினாள். "என்னாத்தா செய்யுது?"

"அம்மா."

"சொல்லு தாயி."

"இது முன்னாடி வரலம்மா."

"எது?"

"ரத்தம். பின்னாடிதாம்மா வந்துச்சு. புண்ணுலேருந்து."

இப்போது மாரீஸ்வரி ஏதாவது சொல்ல வேண்டும். நான் இந்த இடத்தில் ரொம்ப நாள் நின்றேன்.

[அ] 'அடிப்பாவி, ஏன்டி சொல்லல?' என்று கத்தினாள். இப்படி எழுதினால் பழி பிள்ளை தலையில் போகிறது. வேண்டாம்.

[ஆ] 'மெதுவாப் பேசு, வெளிய ஆள் இருக்காக' என்றாள். இது நடக்கக் கூடியது. ரொம்பவே நடக்கக் கூடியது. அதனால்தான் எழுதக் கை வரவில்லை.

[இ] 'எனக்குத் தெரியும்த்தா' என்று மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அனிதாவுக்குக்கூடப் பிடிக்காது. வயிறு விறைத்த பிள்ளையை வைத்துக்கொண்டு எந்த அம்மா வாக்குமூலம் கொடுப்பாள்?

எழுதியது இது: மாரீஸ்வரி தெரியும் என்றும் சொல்லவில்லை, தெரியாது என்றும் சொல்லவில்லை. வெளியே திரும்பி, "ஏலே ராஜபாண்டி! ஜீப்ப எங்கன நிறுத்தியிருக்க?" என்றாள்.

8

ஜீப் வாசலுக்கு வந்தது. ஆனால் வாசலில் பாண்டியம்மாள் நின்றாள், அவளோடு தெருவில் பாதி நின்றது. இன்னும் சடங்கு கழியவில்லை. தலைக்குத் தண்ணீர் ஊற்றாத பிள்ளை குச்சைத் தாண்டக் கூடாது, ஆண்கள் முகத்தில் விழிக்கக் கூடாது. ராஜபாண்டி குச்சுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஜீப் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு, யாராவது ஒரு பொம்பளை ஓட்டத் தெரிந்தவள் கிடைக்கமாட்டாளா என்று பார்க்கிறவன் மாதிரி நின்றான். கர்ணன் அவன் பக்கத்தில் நின்றார். வாழை இலை வாங்கப் போகச் சொன்னால்கூடப் போயிருப்பார்.

"தீட்டுப் பிள்ளய எங்கன கூட்டிட்டுப் போற மாரி?" என்றாள் பாண்டியம்மாள். கோபம் ஒன்றும் இல்லை, அக்கறைதான். "ஒரு ஊசி போடுற நர்ஸ இங்கிட்டுக் கூட்டிட்டு வந்தா ஆச்சு. தண்ணி ஊத்தாம தாண்டுனா பிள்ளைக்குத்தேன் ஆகாது. நாளப்பின்ன ஏதாச்சும் ஒண்ணுன்னா இதத்தேன் சொல்லுவாக."

மாரீஸ்வரிக்கு நேரம் இல்லை. எனக்கு இருக்கிறது, எழுதுகிறவனுக்கு எப்போதும் இருக்கும். அவள் அந்த ஒரு மூச்சில் என்னென்ன பார்த்திருப்பாள் என்று வைத்துப்பார்க்கிறேன். இப்போது சொல்லிவிட்டால் குலவை பொய்யாகும். குச்சு பொய், ப்ளக்ஸ் பொய். நேற்றுவரை கேட்ட கேள்வியோடு இனி இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. பொய் சொல்லவும் வழி இருந்தது. 'காய்ச்சல், ஊசி போட்டுட்டு வந்துர்றோம்' என்றால் போதும், எப்படியோ சமாளித்துக்கொண்டு ஜீப்பில் ஏறிவிடலாம்.

"இது தீட்டு இல்ல மதினி," என்றாள். "சீக்கு."

பாண்டியம்மாள் புரியாமல் பார்த்தாள்.

"எம் பிள்ள இன்னும் ஆகல. இது அந்தக் கொடல் புண்ணு. நாந்தேன்..." நிறுத்தினாள். "நாந்தேன் சரியாப் பாக்கல. வழிய விடுங்க."

கூட்டத்தில் யாரோ 'அய்யய்யோ' என்றார்கள். ராஜபாண்டி திரும்பினான். கூலிங்கிளாஸ் இல்லாத முகத்தோடு குச்சுக்குள் குனிந்து, உலக்கையைத் தள்ளிவிட்டு, மருமகளைத் தூக்கினான். பதினைந்து வயதுப் பிள்ளை ஒரு மூட்டை ஏலக்காயைவிடக் கனம் குறைவாக இருந்தாள். அதை அவன் பிறகு குடித்திருந்தபோது சொன்னான், அப்போது சொல்லவில்லை.

பாண்டியம்மாளைப் பற்றி ஒரு வார்த்தை எழுதியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் அவளுக்கு அநியாயம். வழியை விட்டாள். விட்டதோடு நிற்காமல் தன் முந்தானையை நனைத்துப் பிள்ளையின் வாயைத் துடைத்துவிட்டு, செருப்பு இல்லாமல் தானும் ஜீப்பில் ஏறிவிட்டாள்.

9

தேனி, அங்கிருந்து ஆம்புலன்ஸில் ஆண்டிபட்டி தாண்டி மதுரை. சுருங்கிய இடம் அடைத்துக்கொண்டிருந்தது. அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டுக் குடலை ஒட்டினார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஓட்டை விழுந்திருக்கும் என்றார்கள். அறுவைச் சிகிச்சைக் காட்சி எழுத எனக்குத் தெரியாது, தெரிந்தவர்கள் எழுதுவதை வாசித்தால் தலை சுற்றும்.

எனக்கு வேண்டியது அதற்குப் பிறகு, மூக்கிலிருந்து குழாயை எடுத்த அன்று, அம்மாவும் மகளும் பேசிக்கொண்டது.

"ஏன்த்தா எங்கிட்ட மொதல்லயே சொல்லல?" என்று மாரீஸ்வரி கேட்டாள். ஆரஞ்சுச் சாற்றை வடிகட்டிக்கொண்டே, மகளைப் பார்க்காமல் கேட்டாள்.

"புண்ணு வந்துச்சுன்னு சொன்னா மறுபடி அந்த மாத்திர குடுப்பாக. மூஞ்சி வீங்கும். பன்னு பன்னும்பாங்க க்ளாஸ்ல."

"அது சரி. அன்னைக்கு அத்தன பேரு வந்து நிக்கும்போதாச்சும் சொல்லியிருக்கலாம்ல?"

யுவராணி அம்மாவின் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

"நீ சிரிச்சயேம்மா," என்றாள். "எனக்கு நோவு வந்ததுலேருந்து நீ என்னயப் பாத்து அப்பிடிச் சிரிச்சதே இல்ல."

மாரீஸ்வரி வடிகட்டியைக் கீழே வைத்துவிட்டு

[இந்த வாக்கியத்தை முடிக்கப் பலமுறை முயன்றேன். அவள் எழுந்து ஜன்னலுக்குப் போகிறாள், மகள் காலைப் பிடித்துவிடுகிறாள், வெளியே போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவைத்து அழுகிறாள். எல்லாம் நான் செய்யவைப்பது. அவளாக எதுவும் செய்யவில்லை. வடிகட்டியைக் கீழே வைத்தாள், அவ்வளவுதான் எனக்குத் தெரிகிறது.]

10

இனி முடிவு. துண்டறிக்கைக்குக் கெடு முடிந்து, மருத்துவர் இரண்டு முறை போன் செய்துவிட்டார்.

முடிவு ஒன்று: பிள்ளை செத்துப்போகிறாள். குச்சைப் பிரித்து அதே கீற்றில் கிடத்துகிறார்கள். வாசகர் கண்ணீர் விடுவார், பரிசுகூடக் கிடைக்கலாம். எனக்கு வேண்டாம். இந்த நோயோடு பிள்ளைகள் வளர்கிறார்கள், படிக்கிறார்கள், வேலைக்குப் போகிறார்கள். துண்டறிக்கையின் நாலாம் பக்கத்தில் நானே என் கையால் அதை எழுதியிருக்கிறேன். ஐந்தாம் பக்கத்தில் அவளைக் கொல்வதற்கு எனக்கென்ன கேடு?

முடிவு இரண்டு: ஊர் திருந்துகிறது. பாண்டியம்மாள் தெருமுனையில் நின்று, இனி யார் வீட்டுப் பிள்ளையையும் உட்காரலையா என்று கேட்காதீர்கள் என்று பேசுகிறாள். சிரிப்பு வருகிறது. பாண்டியம்மாள் அடுத்த மாதமே இன்னொரு வீட்டில் அதே கேள்வியைக் கேட்டாள். கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அந்த அளவு எழுதினால் நம்புவீர்கள்.

மூன்றாவது, நான் எழுதிவைத்திருப்பது:

ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. யுவராணிக்குப் புது ஊசி போடுகிறார்கள், குறித்த நாளில் மதுரைக்குப் போய் வருகிறாள். மூஞ்சி வீங்குவதில்லை. இரண்டு பாவாடை குட்டையாகிப்போனது. பதினொன்றாம் வகுப்பில் மூன்றாவது பெஞ்சு, கால் தரையில் படுகிறது. ராஜபாண்டியின் ப்ளக்ஸ் திருப்பிப் போடப்பட்டு ஆட்டுக்கொட்டகைக்குக் கூரையாகிவிட்டது. நிமிர்ந்து பார்த்தால் ஆடுகளுக்கு மட்டும் தாய்மாமன் தரிசனம் தருகிறான்.

ஊரில் பாதிப் பேருக்கு அவள் பெரிய மனுஷி, மீதிப் பேருக்கு இல்லை. யாரும் நேரே கேட்பதில்லை, எந்தக் கணக்கில் கேட்பது என்று தெரியாமல் விட்டுவிட்டார்கள். மாரீஸ்வரிக்கு இது ஒரு நிம்மதி. ஆனால் மதுரையில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்: நோய் அடங்கியிருக்கிறது, போய்விடவில்லை, எப்போது வேண்டுமானாலும் தலைதூக்கலாம். பருவமும் இனி எப்போது வேண்டுமானாலும் வரலாம். இரண்டுக்கும் அடையாளம் ஒன்றுதான். மகள் குளிக்கப் போகும்போதெல்லாம் அவள் காது கதவிலேயே கிடக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கர்ணன் தோட்டத்துக்குப் போய்விட்டார். மாரீஸ்வரி இட்லி ஊற்றிக்கொண்டிருக்கிறாள்.

"அம்மா," என்று குளியலறையிலிருந்து கூப்பிடுகிறாள் யுவராணி. "இங்கன வா. ரத்தம்."

மாரீஸ்வரி அடுப்பைக் குறைத்தாள். [அணைத்தாள் என்று எழுதி மாற்றினேன். குறைத்தாள்தான் சரி.] கையைத் துடைத்துக்கொண்டு போய்க் கதவுக்கு வெளியே நின்றாள். சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. யாரையும் கூப்பிடவில்லை.

"எங்கருந்துத்தா வருது?" என்று கேட்டாள்.

உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம் நின்றது. யுவராணி பார்த்துச் சொல்லப்போகிறாள். நான் பேனாவை இங்கே வைத்துவிடுகிறேன். அவள் சொல்லப்போவது ஒரே ஒரு சொல். அது எது என்பதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டுக்கும் இந்தக் கதையில் இடம் இருக்கிறது. அவசரப்படுத்த மட்டும் செய்யாதீர்கள். மாரீஸ்வரி அவசரப்படுத்தவில்லை. கதவில் கை வைத்துக்கொண்டு, "மெதுவாப் பாத்துச் சொல்லு, நான் இங்கனதேன் நிக்கிறேன்" என்கிறாள்.